நேர்கோட்டுக் கோலம்

யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும். எங்கே ஈரம் இருக்கிறது, எந்தப் படி உயரம், மிதியடி எங்கே சுருண்டு கிடக்கிறது என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர்களின் முகத்துக்கு வருவேன். அவர்கள் "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் மிதியடியைக் காலால் நீவி நேராக்கியிருப்பேன். "இவ வந்தா இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி" என்று என் கணவர் கேலி செய்வார். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தப் புத்தி எனக்கு எப்படி வந்தது என்பதை நான் அவர்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை.

என் அப்பா புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் சர்வேயராக இருந்தவர். அளவுச் சங்கிலியும் கொடிக்கம்புமாகச் சமஸ்தானத்தின் பாதி வயல்களையாவது நடந்து அளந்திருப்பார். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்று, அறந்தாங்கி போகிற சாலையில் இருந்த சொந்த ஊருக்கே போய்விட்டார். அம்மாவும் கூடப் போனாள். நாலே வருஷத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த ஓட்டு வீட்டில் அப்பா மட்டும்தான்.

நான் ஒரே பெண். எனக்குக் குடித்தனம் புதுக்கோட்டையில், வேலை அறந்தாங்கியில். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவேன். அப்பாவின் வீடு அந்தச் சாலையைப் பார்த்தபடி, வழியிலேயே இருந்தது.

எங்களோடு வந்துவிடும்படி நான் அவரைக் கூப்பிடாத மாதம் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்.

"பொண்ணக் குடுத்த வீட்டுல ஒரு வேளை கை நனைக்கலாம். மறு வேளைக்கும் எலை போடச் சொல்லி உக்காந்தா அது மொறையா ஆத்தா?"

என் கணவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். "மாப்பிள்ளைக்கு இருக்காது. எனக்கு இருக்கும்" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அளந்து கல் ஊன்றிவிட்டால் ஊன்றியதுதான், பிடுங்கி நடுகிற வழக்கம் அவரிடம் இல்லை.

ஒரு சனிக்கிழமை போனபோது அவர் முழங்கையில் தோல் வழன்று, மஞ்சள் அப்பியிருந்தது. கிணற்றடியில் வழுக்கிவிட்டதாம். அதுவும் செவ்வாய்க்கிழமை. நடுவில் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலையிலும் சாயங்காலமும் நான் அந்த வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறேன், எனக்குத் தெரியாது.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார்.

"ஆனைக்கு நாலு காலு இருக்கு. ஒங்களுக்கு ரெண்டுதான் இருக்கு" என்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் வேலை. முதலில் கிணற்றடிக் கல். நாற்பது வருஷம் குளித்துக் குளித்து அந்தப் பலகைக்கல் கண்ணாடி போல ஆகியிருந்தது. பாசியைச் சுரண்டினால் அதன் கீழே இன்னும் வழுக்கல். என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது தெருவில் "அம்மி கொத்தலியா, ஆட்டுக்கல் கொத்தலியா" என்று குரல் கேட்டது. ஓடிப் போய் அந்த அம்மாவைக் கையோடு கூட்டிவந்து, "இந்தக் கல்லைக் கொத்துங்க" என்று காட்டினேன். அவள் கல்லையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அம்மி கொத்துகிறவளிடம் குளிக்கிற கல்லைக் கொத்தச் சொன்னவள் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டு நாள் உட்கார்ந்து உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்தாள். காலை வைத்தால் பூமி பிடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

"இனிமே குளிக்கிறப்பவே குதிகாலுல மொளகா அரைச்சுக்கலாம்" என்றார் அப்பா.

அதோடு நிற்க எனக்கு முடியவில்லை. கொல்லைக் கதவிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து கொல்லைக் கோடியில் இருந்த கீற்று மறைப்புக்கும் மரக்கட்டைகள் நட்டு, இடுப்பு உயரத்தில் கயிறு கட்டினேன், பிடித்துக்கொண்டு நடக்க. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அதில் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. பரணில் இருந்த பாத்திரங்களையெல்லாம் கீழே இறக்கி, ஏணியைத் தூக்கி எதிர்வீட்டில் கொடுத்தேன். உள்ளே இருட்டில் நிலைப்படி தெரியட்டும் என்று ஒவ்வொரு படிக்கும் சுண்ணாம்பு அடித்தேன். எட்டு முழ வேட்டி காலைத் தடுக்கும் என்று நாலு முழமாக மாற்றினேன். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதீர்கள் என்றேன். இதற்கு மட்டும் அவர் மசியவில்லை. "தொறந்து போட்ட வீட்டுல சர்வேயரா தூங்குவான்?" என்று கேட்டார். சர்வேயருக்கும் தாழ்ப்பாளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் எனக்கு நிம்மதி வந்ததா என்றால் இல்லை. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் அந்த வீட்டுக்குள் போய் ஒவ்வொரு மூலையாகத் தடவும். அடுப்படிப் புகையில் கண் எரிந்து தடுமாறுவாரோ, அரிக்கேன் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு மறப்பாரோ என்று ஒன்று விட்டால் ஒன்று வரும். அதற்கும் மேலே, விழுந்தால் யாருக்குத் தெரியும் என்கிற கேள்வி. செவ்வாய்க்கிழமை விழுந்ததைச் சனிக்கிழமை தெரிந்துகொண்டவள் நான். விழாமல் இருக்க வழி செய்தாயிற்று, விழுந்தால் தெரிய ஒரு வழி வேண்டும்.

"தெனமும் காலையில எந்திருச்சதும் வாசல்ல ஒரு வெள்ளத் துண்ட கட்டுங்க. பஸ்ஸுலேந்து பாத்துக்கிறேன்" என்றேன்.

"வெள்ளத்துணி தொங்கவிட இது என்ன சாவு வீடா?"

"அப்ப ஒரு நாற்காலியப் போடுங்க."

"ஆடு ஏறி நிக்கும்."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு அத்தை படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உறவுக்காரர் இல்லை, ஆனாலும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "ஒங்கம்மா போனதுலேந்து அந்த வாசல் வெறுமையாத்தான் கெடக்கு. தண்ணி தெளிச்சு ஒரு கோலம் போட்டா வாசலுக்கும் ஆச்சு, ஒனக்கும் ஆச்சு" என்றார்.

அப்பா கோலம் போடுவதா? நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. வாசலை ஒரு நிமிடம் பார்த்தார். "வெறுமையாத்தான் இருக்கு" என்றார்.

அப்படித்தான் ஓய்வு பெற்ற சர்வேயர் வாசலில் கோலம் போட ஆரம்பித்தார். போட்டால் பூவும் மயிலுமா வரும்? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு வயலின் நாலு பக்கத்தையும் போடுவார், குறுக்கே ஒரு மூலைக்கோடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்னச் சின்ன செங்குத்துக் கோடுகள். புல வரைபடம்! தினமும் வேறு வேறு வயல். எல்லாம் மனத்திலிருந்து.

"ஏங்கய்யா, இன்னிக்கு யாரு நெலத்த அளக்குறீங்க?" என்று தண்ணீருக்குப் போகிற பெண்கள் கேட்பார்கள்.

"கோலம்னா ஒரு வளைவு சுளிவு வேணாமாப்பா?" என்று நானே கேட்டேன்.

"நெலத்துல வளைவே கெடையாது ஆத்தா. வளைவு மாதிரி தெரியும். அளந்து பாத்தா அத்தனையும் சின்னச் சின்ன நேர்கோடு. நான் என் ஆயுசுல வளைச்சுக் கோடு போட்டதில்ல" என்றார்.

ஒருநாள் ஒரு விவசாயி வாசலில் நின்று கோலத்தையே பார்த்தாராம். பிறகு கதவைத் தட்டி, "என் வரப்பு அங்கிட்டு இல்லங்க, இங்கிட்டு" என்று ஒரே சண்டை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. ஆனால் அப்பாவுக்கு உள்ளூர சந்தோஷம். அதற்குப் பிறகு கோணலான வயல்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் போட ஆரம்பித்தார்.

ஏற்பாடு இதுதான். காலையில் எட்டேகாலுக்கு என் பஸ் அந்த வீட்டைத் தாண்டும். வாசலில் கோலம் இருந்தால் அப்பா எழுந்து நடமாடுகிறார். இல்லாவிட்டால் நான் அடுத்த மதகடியில் இறங்கிவிடுவேன். எதிர்வீட்டு அத்தையிடமும் சொல்லிவைத்தேன்: விடிந்து வெகுநேரம் ஆகியும் கோலம் இல்லையென்றால் கதவைத் தட்டிப் பாருங்கள் என்று. வாசல் கதவு எப்போதும் சாத்தியேதான் இருக்கும், ஆடு உள்ளே புகும் என்று. அதனால் கதவைப் பார்த்து ஒன்றும் தெரியாது, கோலத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இடது பக்க ஜன்னலோரம் இல்லாவிட்டால் எனக்கு உயிரே போய்விடும். கண்டக்டருக்கு இது தெரிந்துபோனது. யாராவது உட்கார்ந்திருந்தால், "டீச்சருக்குக் கோலம் பாக்கணும், அந்தப் பக்கம் நகருங்கம்மா" என்று எழுப்பிவிடுவார். நிற்க இடமில்லாத நாட்களில் வாசல்படியில் தொங்கிக்கொண்டே "இருக்கு டீச்சர்!" என்று குரல் கொடுப்பார். பஸ்ஸில் பாதிப் பேருக்கு என்ன இருக்கிறது என்று புரியாது. எனக்கு மூச்சு வரும். நோட்டுத் திருத்த ஆரம்பிப்பேன்.

ஒரு வருஷத்துக்கும் மேலே இப்படி ஓடியது.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் வளைவில் வழக்கம்போல் ஹார்ன் அடித்தார். வாசல் வந்தது. கோலம் இருந்தது. அதுவும் எப்படிப்பட்ட கோலம்! வரிசையாகப் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிற சிக்குக் கோலம். வாசலை அடைத்துக்கொண்டு, ஓரத்தில் காவிப் பட்டையோடு ஜொலித்தது.

"டீச்சர், பெரியவர் இன்னிக்கு ஜமாய்ச்சுட்டாரு!" என்றார் கண்டக்டர்.

"தை வெள்ளியில்ல" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. அத்தையிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருப்பார், சனிக்கிழமை போய்க் கேலி செய்ய வேண்டும் என்று நினைத்துச் சிரித்தபடியே நோட்டைத் திறந்தேன்.

மூன்றாவது பீரியட் வட்டம் நடத்தினேன். மர காம்பஸில் சாக்கட்டியை மாட்டிப் பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பாதி வட்டத்தில் என் கை நின்றுவிட்டது. 'நான் என் ஆயுசுல வளைச்சுக் கோடு போட்டதில்ல.'

அது அப்பா போட்ட கோலம் இல்லை.

விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று பிள்ளைகளை விரட்டுகிறவள் நான். அன்றைக்கு விடையை மட்டும் பார்த்துச் சரி போட்டுவிட்டு வந்திருந்தேன்.

தலைமையாசிரியை அறைக்குப் போய் நின்றேன். என்னவென்று கேட்டார்கள். வாசலில் அழகான கோலம் இருந்தது, அதனால் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "அப்பாவுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றேன். சொன்ன பிறகு, சொன்னதாலேயே அது உண்மையாகிவிட்டதோ என்று தோன்றியது. அரை நாள் லீவு கொடுத்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் புதுக்கோட்டை பஸ் இல்லை. டயர் பஞ்சர், இதோ வந்துவிடும் என்றார்கள். இதோ, இதோ என்று முக்கால் மணி நேரம் போனது. என்னால் உட்கார முடியவில்லை. டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். யாரோ விருந்தாளி போட்டிருப்பார்கள், அத்தையே போட்டிருப்பார், எல்லாம் என் வீண் பயம் என்று ஒரு பக்கம் போகும்போது சொல்லிக்கொள்வேன். திரும்பி வரும்போது எல்லாம் பொய்யாகிவிடும். கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்து டீக்கடையில் நின்றது. டிரைவரிடம் போய், "புதுக்கோட்டை ரோட்டுலதானே போறீங்க, என்னைய வழியில எறக்கி விடுறீங்களா?" என்று கேட்டேன். ஊரே பார்த்தது. டீச்சர் கருவாட்டு லாரியில் ஏறினாள் என்று பிறகு ஒரு மாதம் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது! அந்த மனுஷர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "ஏறுங்கம்மா" என்றார்.

வாசலில் இறங்கியபோது மணி ஒன்றரை இருக்கும். கோலம் ஒரு கோடு கலையாமல் இருந்தது. யாரும் அதை மிதித்து வெளியே வரவில்லை, உள்ளே போகவும் இல்லை. கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள். "அப்பா, அப்பா" என்று கத்தினேன்.

எதிர்வீட்டிலிருந்து அத்தையின் மருமகள் ஓடிவந்தாள். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத பெண், ஆவுடையார்கோயில் பக்கம். கையெல்லாம் மாவு.

"அத்தை எங்க?" என்றேன்.

"நேத்தே மக வீட்டுக்குப் போயிட்டாங்கக்கா, வளைகாப்புக்கு."

"கோலம் யாரு போட்டது?"

அவள் முகம் மலர்ந்தது. பாராட்டப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். "நாந்தாங்கக்கா. வெள்ளிக்கெழமையும் அதுவுமா வாசல் வெறிச்சோன்னு கெடந்துச்சு. பெரியய்யா அசந்து தூங்குறாங்க போலன்னு நம்ம வாசல் போட்ட கையோட இதையும் போட்டுட்டேன்."

கொல்லைப் பக்கம் ஓடினேன். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு போனபோது முள் புடவையைக் கிழித்தது. கொல்லைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அடுப்படிக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில், நடையில், அப்பா ஒருக்களித்துக் கிடந்தார். தோள் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. வலது கால் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை.

அந்த இடத்தில் படி கிடையாது, ஈரம் கிடையாது. வீட்டிலேயே நான் ஒன்றும் செய்யாமல் விட்டது அந்த நாலடி நடையைத்தான், அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதால். ஏன் விழுந்தீர்கள் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். "தெரியல. காலு இருந்துச்சு, அப்பறம் இல்ல" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது: "கணக்கு டீச்சருக்கு இன்னிக்கு லீவா?"

துணியைத் தண்ணீரில் நனைத்து வாயில் பிழிந்தேன். பின்னாலேயே ஓடிவந்த அந்தப் பெண், அவர் கிடந்த கோலத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஒன்ன யாரு போடச் சொன்னது? யாரக் கேட்டுப் போட்ட? ஒன் வாசலோட நிக்க வேண்டியதுதானே! நீ போடாம இருந்திருந்தா நான் அப்பவே எறங்கியிருப்பேன்ல பாவி!" என்று கத்தினேன். ஏற்பாட்டை அத்தையிடம் சொன்னேன், வீட்டுக்கு வந்த புது மருமகளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா இருந்தேன்?

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவள ஏன் வையிற? அந்தப் புள்ள வாசல் வரைக்கும் வந்துச்சு. தண்ணி தெளிக்கிற சத்தம் கேட்டுச்சு, கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. கூப்புட்டுப் பாத்தேன், தொண்டை எழும்பல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்பறம் ஒன் பஸ்ஸு ஹாரன் அடிச்சுச்சு. நிக்காமப் போயிருச்சு."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

அந்தப் பெண்தான் ஓடிப்போய் வண்டி கூட்டிவந்தாள். அவளே வைக்கோலைப் பரப்பி, மேலே தன் கல்யாணச் சீர் மெத்தையைப் போட்டாள். போகிற வழியில் பின்னால் வந்த ஒரு காரை மறித்து, அதில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். தொடை எலும்பு. காலில் எடை கட்டித் தொங்கவிட்டு ஆஸ்பத்திரியில் பல வாரம் வைத்திருந்தார்கள். பிறகு எங்கள் வீட்டில் மூன்று மாதம். ஒவ்வொரு வேளை இலை போடும்போதும் "இது நேத்து மிச்சம் வச்ச ஒரு வேளை" என்று சொல்லிக்கொண்டுதான் சாப்பிடுவார். கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டார்.

"மறுபடியும் அங்கயா? ஒத்தையிலயா?" என்று கத்தினேன். கைப்பிடி வைக்கிறேன், நடையில் கயிறு கட்டுகிறேன், எதிர்வீட்டுப் பெண்ணிடம் எல்லாம் விளக்கமாகச் சொல்லிக் கோலத்தையே திரும்ப ஒழுங்காக ஏற்பாடு செய்கிறேன் என்று அடுக்கினேன்.

"கோலம் வேணாம்" என்றார். "நான் இருக்கேனா போயிட்டேனான்னு தெனமும் வாசல்ல எழுதி வைக்கணுமா? தெரியணும்னா எறங்கி வந்து கேளு."

அப்போதுதான் எனக்கே நான் ஒப்புக்கொள்ளாமல் வைத்திருந்த ஒன்று வெளியே வந்தது. அந்தக் கோல ஏற்பாட்டை அவருக்காக மட்டும் நான் செய்யவில்லை. கோலம் தெரிந்தால் வார நாட்களில் இறங்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போகலாம், சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம், பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கலாம். கல்லைக் கொத்தினேன், கயிறு கட்டினேன், படிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். எல்லாவற்றையும் செய்துவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்காமல் இருக்க ஒரு வழியும் செய்துகொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அதன் பிறகு முதல் பஸ்ஸைப் பிடித்தேன், காலை ஆறு மணிக்கு. வாசலில் இறங்குவேன். அவர் காபி போட்டு வைத்திருப்பார், வாயில் வைக்க முடியாத காபி. குடித்துவிட்டு எட்டேகால் பஸ்ஸில் ஏறிக்கொள்வேன். தாழ்ப்பாள் போடுவதை அவராகவே விட்டுவிட்டார். எதிர்வீட்டுப் பெண் இரண்டு வாசலுக்கும் சேர்த்தே கோலம் போட்டாள். நான் திட்டியதற்கு ஒருநாள் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குக்கா" என்று கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். அப்பா தினமும் அந்தக் கோலத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணும் அளவுல இல்ல" என்பார்.

நாலு வருஷம் அப்படிப் போனது. என் படபடப்பு குறைந்தது என்று சொல்ல மாட்டேன். இறங்குகிறவரைக்கும் ஒவ்வொரு காலையும் அதே பயம்தான். "அப்பா" என்று கூப்பிட்டு, "வா ஆத்தா" என்று கேட்ட பிறகுதான் கால் தரையில் பாவும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், பண்டிகையோ விசேஷமோ இல்லாத ஒரு புதன்கிழமை. வாசலில் கோலம் இருந்தது, பெரிய நெளிக்கோலம். மிதிக்காமல் ஓரமாக நடந்து கதவைத் தள்ளினேன். "அப்பா" என்றேன். கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். கைத்தடி எட்டுகிற இடத்தில் சாத்தியிருந்தது. அடுப்பில் நெருப்பு இல்லை. கையைத் தொட்டேன், இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வெளியே வந்தபோது அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு எதிர்ப்படியில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையை இறக்கிவிட்டு, உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள்.

"அக்கா... இன்னிக்கும் நாந்தாங்கக்கா போட்டேன்."

"தெரியும் ஆத்தா" என்றேன்.

வாளியை அவள் கையிலிருந்து வாங்கித் தண்ணீரை ஊற்றினேன். அவள் விளக்குமாற்றால் தள்ளினாள். இருவருமாக அந்தக் கோலத்தைக் கழுவினோம். கழுவிக்கொண்டிருக்கும்போதே எட்டேகால் பஸ் வளைவில் ஹார்ன் அடித்தது. கண்டக்டர் எனக்காக விசில் கொடுத்து நிறுத்திப் பார்த்தார். வெறும் வாசலைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தார்.